பணம் இருந்தால் மட்டும் போதுமா? என்பிஏ குழுக்களின் சம்பளக் கணக்கு

2019ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரான கெவின் டூரான்ட், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் குழுவிலிருந்து விலகி புருக்ளின் நெட்ஸ் குழுவுக்குச் செல்லப்போவதாக அறிவித்தார். முந்திய பருவத்தில் வாரியர்ஸ் அவருக்குக் கொடுத்த சம்பளம் 30 மில்லியன் அமெரிக்க டாலர். ஆள் போய்விட்டார், அவருக்குக் கொடுத்த பணம் மிச்சம்தானே? அதைக் கொண்டு இன்னொரு நல்ல ஆட்டக்காரரைப் பிடித்துவிட வேண்டியதுதானே? ஐரோப்பியக் காற்பந்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இப்படித்தான் கேட்கத் தோன்றும்.

வாரியர்ஸால் அப்படிச் செய்ய முடியவில்லை. குழுவின் உரிமையாளரிடம் பணம் இல்லாமல் இல்லை. செலவழிக்க மனமும் இருந்தது. ஆனாலும், அந்த 30 மில்லியன் டாலர் டூரான்டோடு சேர்ந்தே வாசலைத் தாண்டிப் போய்விட்டது. அது ஏன் அப்படி என்பது விளங்கிவிட்டால், என்பிஏயில் ஒவ்வொரு ஜூலை மாதமும் நடக்கும் ஆள்சேர்ப்பில் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

வீட்டாருக்கு ஒரு விதி, விருந்தாளிக்கு ஒரு விதி

ஒரு குழு தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு பருவத்தில் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு என்பிஏ ஓர் எல்லை வைத்திருக்கிறது. இதுதான் சம்பள உச்சவரம்பு. 1984-85 பருவத்தில் இந்த முறை நடப்புக்கு வந்தபோது எல்லை 3.6 மில்லியன் டாலர். 2024-25 பருவத்தில் அது 140.6 மில்லியன் டாலர். லீக்கின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்கு என்று உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் உடன்படிக்கை செய்துகொண்டிருப்பதால், வருமானம் ஏற ஏற வரம்பும் ஏறும். பணக்கார நகரத்துக் குழுக்கள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வளைத்துப் போட்டுவிடக்கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். உரிமையாளர்கள் போட்டி போட்டுச் சம்பளத்தை ஏற்றிவிடாதபடி தங்கள் கைகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மைதான்.

இந்த வரம்பில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. தெரிந்தே வைத்த ஓட்டை. சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்வதற்காக ஒரு குழு வரம்பைத் தாண்டலாம். பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவின் புகழ்பெற்ற லேரி பேர்டின் பெயரால் இதனைப் ‘பேர்ட் உரிமை’ என்கிறார்கள். ஒருவர் மூன்று பருவங்கள் ஒரே குழுவில் இருந்துவிட்டால், வரம்பு எவ்வளவு மீறியிருந்தாலும் அவருக்குரிய உச்சச் சம்பளம் வரை அந்தக் குழு கொடுக்கலாம். ஒரே ஒரு பருவம்தான் இருந்தார் என்றால், முந்திய சம்பளத்தைவிட 20 விழுக்காடு மட்டுமே கூட்டிக் கொடுக்கலாம். இரண்டு பருவம் இருந்தவருக்கு இடைப்பட்ட ஒரு கணக்கு.

வெளியிலிருந்து ஒருவரைச் சேர்ப்பது என்றால் கதையே வேறு. வரம்புக்குக் கீழே இடம் இருந்தால்தான் அவருக்குப் பெரிய சம்பளம் பேச முடியும். இல்லையென்றால் சில சிறிய விதிவிலக்குகளும் குறைந்தபட்சச் சம்பளமும்தான். வீடு நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் எவ்வளவு நெருக்கியடித்துப் படுத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. விருந்தாளிக்குத்தான் இடமில்லை. வீட்டார் ஒருவர் புறப்பட்டுப் போனாலும், அவர் படுத்த பாயை விருந்தாளிக்கு விரித்துக் கொடுக்க முடியாது; வீடு இன்னும் கொள்ளளவுக்கு மேல்தான் நிறைந்திருக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து, விரும்பிய குழுவில் சேரும் உரிமை பெற்றவர்களை ‘ஃபிரீ ஏஜென்ட்’ என்பார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அவருடைய பெயர் பழைய குழுவின் கணக்கிலிருந்து மறைந்துவிடுவதில்லை. அவர் வேறு குழுவில் கையெழுத்திடும்வரை, அல்லது அவர் மீதான உரிமையைப் பழைய குழு கைவிடும்வரை, ஒரு தொகை அவர் பெயரில் பிடித்து வைக்கப்படும். ஆகவே, புதியவருக்கு இடம் வேண்டும் என்றால் பழையவர்களை முதலில் கைகழுவ வேண்டும். புதியவர் கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டால் இருவரும் இல்லை.

ஒரே ஒரு கோடைக்குத் திறந்த கதவு

இந்த விதிகளுக்கு நடுவில் டூரான்ட் எப்படி வாரியர்ஸுக்கு வந்தார்? 2015-16 பருவத்தில் 82 ஆட்டங்களில் 73ஐ வென்று சாதனை படைத்த குழு அது. இறுதிச்சுற்றில் 3-1 என்று முன்னணியில் இருந்தும் கிளீவ்லண்டிடம் கிண்ணத்தைக் கோட்டைவிட்டது. அப்படிப்பட்ட குழுவில் இன்னொரு நட்சத்திரத்துக்கு இடம் இருக்கவே முடியாது. உச்சவரம்பு முறையின் நோக்கமே அதுதான்.

இருந்தும் இடம் கிடைத்தது. 2014 அக்டோபரில் என்பிஏ புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தை அறிவித்தது. ஒன்பது ஆண்டுகளுக்குச் சுமார் 24 பில்லியன் டாலர். 2016-17 பருவத்தில் அந்தப் பணம் வரத் தொடங்கும். வரம்பு ஒரேயடியாக எகிறாமல் ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏறட்டும் என்று லீக் யோசனை சொன்னது. 2015இல் ஆட்டக்காரர் சங்கம் அதனை ஏற்க மறுத்துவிட்டது. விளைவு, 70 மில்லியனாக இருந்த வரம்பு ஒரே கோடையில் 94.1 மில்லியனாகத் தாவியது.

இப்போது வாரியர்ஸின் கணக்கைப் பார்க்கலாம். ஸ்டீபன் கர்ரி, கிளே தாம்சன், டிரேமண்ட் கிரீன், ஆண்ட்ரே இகுவடாலா, ஷான் லிவிங்ஸ்டன் ஆகிய ஐவருக்கும் 2016-17இல் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 61 மில்லியன். டூரான்ட் கேட்கக்கூடிய தொகை 26.5 மில்லியன். பழைய வரம்பான 70 மில்லியனில் 9 மில்லியன்தான் மிச்சம். டூரான்டைப் பற்றிப் பேசவே முடியாது. புதிய வரம்பில் 33 மில்லியன் இடம்.

இந்தக் கணக்கு பொருந்தியதற்கு இன்னொரு காரணம் கர்ரியின் கணுக்கால். 2012இல் அவர் அடிக்கடி காயமடைந்து, அறுவை சிகிச்சையும் செய்துகொண்டிருந்தார். அந்தப் பயத்தில் நான்கு ஆண்டுக்கு 44 மில்லியன் என்ற சுமாரான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பிறகு, 2015இலும் 2016இலும் அவரே லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். சம்பளமோ 12 மில்லியன். அவருடைய கணுக்கால் ஒழுங்காக இருந்திருந்தால் டூரான்டுக்கு அங்கு இடம் இருந்திருக்காது!

அப்படியும் சிலரை அனுப்ப வேண்டியிருந்தது. மத்திய ஆட்டக்காரர் ஆண்ட்ரூ போகட்டின் 11 மில்லியன் கணக்கில் இருந்தால் டூரான்டுக்குப் போதாது. ஆகவே அவர் ஏறக்குறைய இலவசமாக டாலஸ் மேவரிக்ஸுக்கு மாற்றப்பட்டார். வாரியர்ஸிலேயே வளர்ந்த இளம் ஆட்டக்காரர் ஹேரிசன் பார்ன்ஸ் மீதான உரிமையும் கைவிடப்பட்டது. அவரும் டாலஸுக்கே போனார், நான்கு ஆண்டுக்கு 94 மில்லியன். காலியான மத்திய இடத்தில் ஸாஸா பச்சூலியா 2.9 மில்லியனுக்கு வந்து சேர்ந்தார். 2016 ஜூலை 4ஆம் தேதி டூரான்ட் தமது முடிவை அறிவித்தார். ஓக்லஹோமா சிட்டி தண்டர் குழுவிடம் அவருடைய பேர்ட் உரிமை இருந்தது. அதிக ஆண்டுகளுக்கு அதிகப் பணம் கொடுக்க அதனால் முடியும். அதை விட்டுத்தான் அவர் வந்தார்.

அதே கோடையில் மற்றக் குழுக்களும் திடீரென்று கிடைத்த இடத்தை நிரப்ப ஆலாய்ப் பறந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் குழு, டிமோஃபி மோஸ்கோவுக்கு நான்கு ஆண்டுக்கு 64 மில்லியனும் லுவால் டெங்குக்கு நான்கு ஆண்டுக்கு 72 மில்லியனும் கொடுக்க இசைந்தது. ஓராண்டு கழிவதற்குள் மோஸ்கோவ் சுமையாகிவிட்டார். அவருடைய ஒப்பந்தத்தை இறக்கி வைப்பதற்காக, 2017 ஜூனில் டிஆஞ்சலோ ரசல் என்ற இளம் ஆட்டக்காரரையும் சேர்த்து புருக்ளினுக்கு அனுப்பினார்கள். இந்த ரசலின் பெயர் மீண்டும் வரும்.

குறைத்து வாங்கியவர்

டூரான்ட் வந்த முதல் பருவத்திலேயே வாரியர்ஸ் வெற்றியாளர் ஆனது. 2017 கோடையில் புதிய சிக்கல். இகுவடாலா, லிவிங்ஸ்டன் இருவருடைய ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. இருவருமே மூன்று பருவங்களைக் கடந்தவர்கள் என்பதால் பேர்ட் உரிமை முழுமையாக இருந்தது. டூரான்டோ ஒரு பருவம்தான் இருந்திருக்கிறார்.

விதிப்படி அவர் எட்டக்கூடிய உச்சச் சம்பளம் 34 மில்லியனுக்கு மேல். அதைக் கொடுக்க வேண்டுமானால் வரம்புக்குள் இடம் வேண்டும். இடம் வேண்டுமானால் அந்த இருவரையும் விட்டுவிட வேண்டும். ஒரு பருவ ஆட்டக்காரருக்குரிய 20 விழுக்காடு உயர்வோடு நிறுத்திக்கொண்டால் 31.8 மில்லியன் வரை கொடுக்கலாம். மற்ற இருவரும் தங்கலாம். டூரான்ட் அதற்கும் கீழே இறங்கி 25 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். இகுவடாலாவுக்கு மூன்று ஆண்டுக்கு 48 மில்லியன், லிவிங்ஸ்டனுக்கு மூன்று ஆண்டுக்கு 24 மில்லியன் கிடைத்தது. கர்ரிக்கு ஐந்து ஆண்டுக்கு 201 மில்லியன். கணுக்காலுக்காக இழந்ததை அவர் வட்டியோடு வாங்கிக்கொண்டார்.

டூரான்டின் பெருந்தன்மையைப் பலரும் பாராட்டினார்கள். ஆனால் 31.8க்கும் 25க்கும் இடையிலுள்ள வித்தியாசம் யாருக்குப் பயன்பட்டது என்று பார்க்க வேண்டும். சக ஆட்டக்காரர்களைத் தக்கவைக்க அந்தக் கடைசி 7 மில்லியனை அவர் விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் விதிகளில் இல்லை. உச்சவரம்புக்கு மேலே ‘ஆடம்பர வரி’ என்று இன்னொரு கோடு உண்டு. அப்போதைய விதிப்படி அதைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் குறைந்தது ஒன்றரை டாலர் வரி இருந்தது. தாண்டத் தாண்ட விகிதமும் ஏறும். ஆகவே டூரான்ட் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு டாலரும் உரிமையாளருக்கு இரண்டரை டாலரையாவது மிச்சப்படுத்தியது. ஆட்டக்காரரின் தியாகம் என்று செய்தியில் வருவதில் உரிமையாளரின் வரிக் கணக்கும் ஒளிந்திருக்கும்.

போனவரின் இடத்தை எப்படிக் காப்பது?

2019 இறுதிச்சுற்றில் டூரான்டின் குதிகால் தசைநார் அறுந்தது. மூன்று நாள் கழித்துத் தாம்சனின் முழங்கால் தசைநாரும் அறுந்தது. சில வாரங்களில் தாம்சனுக்கு வாரியர்ஸ் ஐந்து ஆண்டுக்கு 190 மில்லியன் கொடுத்தது. ஒரு பருவம் முழுவதும் ஆட முடியாதவருக்கா இவ்வளவு? பாயின் கணக்கை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அவரைப் போகவிட்டால் அந்தப் பணத்தில் இன்னொரு தாம்சனை வாங்க முடியாது. பேர்ட் உரிமை உள்ள ஆட்டக்காரரின் விலை அவருடைய ஆட்டத்துக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. அவர் இல்லையென்றால் வேறு யாரும் இல்லை என்பதற்காகவும் கொடுக்கப்படுகிறது.

டூரான்ட் போனபிறகு மிஞ்சியது என்ன? கர்ரிக்கு 40.2, தாம்சனுக்கு 32.7, கிரீனுக்கு 18.5, இகுவடாலாவுக்கு 17.2. நால்வருக்கும் சேர்த்து 108.6 மில்லியன். அந்த ஆண்டு உச்சவரம்பு 109.1 மில்லியன். கதவு சாத்தியாகிவிட்டது.

வாரியர்ஸ் நிர்வாகம் பக்கவாட்டில் ஒரு வழி கண்டுபிடித்தது. புருக்ளினிடம் இடம் இருந்ததால் டூரான்டை நேரடியாகவே அது எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், டூரான்ட் வாரியர்ஸின் கணக்கில் ஒப்பந்தமிட்டு புருக்ளினுக்கு மாற்றப்பட்டார். புருக்ளினில் ஒப்பந்தம் முடிந்திருந்த அதே டிஆஞ்சலோ ரசல், நான்கு ஆண்டுக்கு 117 மில்லியன் சம்பளத்தில் எதிர்த்திசையில் வந்தார். சம்பளத்துக்குச் சம்பளம் ஈடு கொடுத்தால் வரம்பு மீறிய குழுவும் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்பது விதி. கர்ரி, தாம்சன் ஆடும் இடங்களிலேயே ஆடும் ரசல் எதற்கு என்று அப்போது பலர் கேட்டார்கள். ஆட்டக்காரர் பொருந்துகிறாரா என்பதைவிட, 27 மில்லியன் அளவுள்ள ஒரு சம்பளம் கணக்கில் இருப்பதுதான் வாரியர்ஸுக்கு முக்கியமாக இருந்தது. நாளை வேறொருவரை வாங்க அதையே ஈடாகக் கொடுக்கலாம் அல்லவா?

ஆனால், இப்படி ஒப்பந்தமிட்டு மாற்றப்படுபவரைப் பெற்றுக்கொள்ளும் குழுவுக்கு ஒரு தண்டனை உண்டு. ‘ஏப்ரன்’ எனப்படும் கோட்டை அந்தப் பருவம் முழுவதும் அது தாண்டவே கூடாது. பேர்ட் உரிமை உட்பட எந்த விலக்கும் செல்லாது. 2019-20இல் அந்தக் கோடு 138.9 மில்லியன். மேலே சொன்ன நால்வரோடு ரசலின் 27.3 மில்லியனையும் சேர்த்தால் 136 மில்லியன். மிச்சம் 3 மில்லியனுக்கும் குறைவு. இன்னும் ஒன்பது பேராவது வேண்டும்.

யாராவது ஒருவர் போயாக வேண்டும். அவர்தான் இகுவடாலா. 2015 இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர். ஈராண்டுக்கு முன் எவரைக் காப்பாற்ற டூரான்ட் சம்பளத்தில் இறங்கி வந்தாரோ, அதே மனிதர். அவரை ஏற்றுக்கொள்வதற்காக மெம்பிஸ் குழுவுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். லிவிங்ஸ்டனும் விடுவிக்கப்பட்டார், செப்டம்பரில் அவர் ஓய்வு பெற்றார். அந்தப் பருவத்தில் கர்ரியின் கை முறிந்தது. ஆள் பற்றாக்குறையில் தவித்தபோதும், பதினைந்தாவது இடத்தை நிரப்பக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. 15 வெற்றி, 50 தோல்வி. லீக்கிலேயே கடைசி.

இவ்வளவும் கொடுத்துக் காப்பாற்றிய அந்தச் சம்பள இடம் என்னவாயிற்று? 2020 பிப்ரவரியில் ரசலை மினசோட்டாவுக்குக் கொடுத்து, ஆண்ட்ரூ விக்கின்ஸையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் வாரியர்ஸ் பெற்றது. அந்தத் தேர்வில் 2021இல் வந்தவர் ஜோனதன் குமிங்கா. இகுவடாலா போனதால் கிடைத்த 17.2 மில்லியன் பரிமாற்றச் சலுகையும் வீணாகவில்லை. 2020 நவம்பரில் தாம்சனுக்குக் குதிகால் தசைநார் அறுந்தபோது, அதைக் கொண்டுதான் கெல்லி ஊப்ரேயை எடுத்தார்கள். 2022இல் பாஸ்டனை வென்று வாரியர்ஸ் மீண்டும் வெற்றியாளர் ஆனபோது விக்கின்ஸின் பங்கு பெரிது. டூரான்ட், ரசல், விக்கின்ஸ் என்று ஒரே இடம் மூன்று கை மாறியிருந்தது. இகுவடாலாவும் குறைந்தபட்சச் சம்பளத்தில் திரும்பி வந்து அந்தக் குழுவில் இருந்தார். அந்தப் பருவத்தில் வாரியர்ஸ் கட்டிய ஆடம்பர வரி சுமார் 170 மில்லியன் டாலர்.

மற்ற உரிமையாளர்களின் கண்ணை உறுத்தியது அந்தத் தொகைதான். வரி கட்டியே வரம்பைத் தாண்டலாம் என்றால் வரம்பு எதற்கு? 2023இல் நடப்புக்கு வந்த புதிய உடன்படிக்கையில் ‘இரண்டாம் ஏப்ரன்’ என்ற இன்னொரு கோடு சேர்க்கப்பட்டது. 2024-25இல் அது 188.9 மில்லியன். அதைத் தாண்டும் குழு ஒரு பரிமாற்றத்தில் இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஈடாகக் காட்ட முடியாது, சிறிய விதிவிலக்குகளும் கிடையாது, எதிர்காலத் தேர்வு உரிமை ஒன்றும் முடக்கப்படும். அபராதம் பணமாக இருந்தவரை பணக்காரர் கட்டினார். இப்போது அபராதம் ஆட்டக்காரர்களாக வசூலிக்கப்படுகிறது. வரம்பு ஓராண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்றும் எழுதிக்கொண்டார்கள். 2024இல் 11 ஆண்டுக்கு 76 பில்லியன் டாலர் மதிப்புள்ள தொலைக்காட்சி ஒப்பந்தம் வந்தபோதும், 2025-26 வரம்பு 154.6 மில்லியனோடு நின்றது. 2016 கோடையில் திறந்த கதவு இனித் திறக்காது.

2024 கோடையில் தாம்சனின் ஒப்பந்தம் முடிந்தது. பேர்ட் உரிமை இருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். முந்திய பருவத்துக்கு மட்டும் சுமார் 177 மில்லியன் டாலர் வரி கட்டிவிட்டு, இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே நின்றுகொண்டிருந்த வாரியர்ஸ் இந்த முறை கீழே இறங்கவே விரும்பியது. கிறிஸ் பாலின் 30 மில்லியன் ஒப்பந்தத்தையும் ரத்து செய்தது. பதின்மூன்று ஆண்டுகள் ஒரே சீருடையில் ஆடிய தாம்சன், ஆறு குழுக்கள் சேர்ந்த ஒரு பரிமாற்றத்தின்வழி மூன்று ஆண்டுக்கு 50 மில்லியன் சம்பளத்தில் டாலஸுக்குப் போனார். முந்திய பருவத்தில் அவர் வாங்கியது 43.2 மில்லியன். அந்தப் பணமும் அவரோடே போயிற்று. வரம்புகளுக்குக் கீழே இறங்கியதால் திரும்பக் கிடைத்த ஒரு விதிவிலக்கில், 12.8 மில்லியனுக்கு டிஆந்தனி மெல்டனை ஓராண்டுக்குச் சேர்க்க முடிந்தது.

2024 நவம்பர் 12ஆம் தேதி தாம்சன் டாலஸ் சீருடையில் சான் பிரான்சிஸ்கோ அரங்குக்குத் திரும்பி வந்தார். படகோட்டி ஆட்டத்துக்கு வரும் பழக்கம் உள்ளவர் என்பதால், அன்று ரசிகர்களுக்கெல்லாம் கப்பல் தலைவர் தொப்பி கொடுக்கப்பட்டது. வாரியர்ஸ் 120-117 என்று வென்றது. கர்ரி 37 புள்ளிகள் எடுத்தார்.